நைனார் குட்டை மீன்களின் உபவாசம்

நேமிராஜ் நைனாரின் குட்டைக்கு மீன் பார்க்க வருகிறவர்கள் இப்போதும் பொரிப் பொட்டலத்தோடுதான் வருகிறார்கள். மேல்சித்தாமூர் சமண மடத்தில் கும்பிட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம், நைனார் குட்டையையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று வேனைத் திருப்புகிற கூட்டம் அது. மோட்டார்க் கொட்டகை நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அவர் எழுந்து வந்து, பொட்டலத்தை மரியாதையாகக் கேட்டு வாங்கி ஆணியில் மாட்டிவிடுவார். போகும்போது திருப்பிக் கொடுப்பார். மீனுக்குப் பசிக்காதா ஐயா என்று கேட்டால், "பசிக்கட்டும்" என்பார். ஒரு சமணர் வாயிலிருந்து வருகிற பேச்சா இது என்று முகம் சுளித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கோடை தெரியாது, பாவம்.

அந்த மீன்கள் குட்டைக்கு வந்தது தொண்ணூற்று மூன்றில். ஊர் ஏரி வற்றி, குத்தகைக்காரர்கள் கடைசி மீனைச் சேற்றில் அரித்துக்கொண்டிருந்தார்கள். திண்டிவனம் சாலையில் இருந்த தன் எண்ணெய்ச் செக்குக்குப் போய்க்கொண்டிருந்த நேமிராஜ், ஏரிக்கரையில் மொபெட்டை நிறுத்தினார். விலைக்கு ஆகாது என்று கரையில் வீசப்பட்ட பொடிமீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தன. பார்த்துவிட்டுப் போக அவரால் முடியவில்லை. செக்கிலிருந்த எண்ணெய்ப் பீப்பாய்களைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். கெண்டை, ரோகு, கட்லா என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் தன் கொல்லையிலிருந்த குட்டையில் விட்டார். அடைக்கலம் கொடுப்பது, அபயதானம், தானங்களில் எல்லாம் பெரியது என்று அவர் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். செக்குக்காரன் பீப்பாயில் மீன் வருகிறதே என்று ஊர் சிரித்தது. அவர் மனைவி குசுமாவும் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தபோது, இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக நீங்கள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை என்றாள்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுஷன் விடவில்லை. குட்டையில் விட்ட ஒரு வாரத்திலேயே அவருக்கு ஒரு கவலை வந்தது. மீன் தண்ணீரில் சும்மாவா இருக்கும்? புழுவைத் தின்னும், கொசுமுட்டையைத் தின்னும். காப்பாற்றிக் கொண்டுவந்த உயிர் இன்னொரு உயிரைத் தின்றால் அந்தப் பாவத்தில் காப்பாற்றினவனுக்கும் பங்கு உண்டா இல்லையா? இப்படி ஒரு கேள்வி செஞ்சிப் பக்கத்து நைனாருக்குத்தான் வரும். வேறு யாருக்கும் வராது. அவரே அதற்கு வழியும் கண்டுபிடித்தார். வயிறு நிறைந்திருந்தால் மீன் எதற்குப் புழுவைத் தேடப்போகிறது? மீனுக்கும் பாவமில்லை, புழுவும் பிழைக்கும்.

அன்றிலிருந்து மல்லாட்டைப் புண்ணாக்கு, அவர் செக்கிலேயே ஆட்டின வேர்க்கடலைப் புண்ணாக்கு. அதுவும் சாதாரணப் புண்ணாக்கு இல்லை. கடைசிச் சுற்று ஆட்டாமல், எண்ணெயைக் கொஞ்சம் உள்ளேயே விட்டு எடுத்த புண்ணாக்கு. பிடித்தால் விரலில் ஒட்டும். அதோடு கேப்பை மாவு உருண்டை, பொரி, பண்டிகை என்றால் நெய்ப் பொங்கல். பாசியை வாரித் தூரப் போட்டுக் குட்டையைக் கண்ணாடியாக வைத்திருந்தார். பொழுது சாய்ந்தபின் வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது, மீனுக்கும் கிடையாது. மற்றபடி விடிந்ததிலிருந்து அந்தி வரைக்கும் விருந்துதான். அவர் படியில் கால் வைக்கும் சத்தத்துக்கே மீன்கள் கூட்டமாகக் கரைக்கு வந்து வாயைப் பிளக்கும். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். தமிழ்நாட்டிலேயே சைவ மீன் என் குட்டையில்தான் இருக்கிறது என்று அவர் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவருடைய மகள் பத்மப்ரியாவும் அந்த மீன்களும் ஒன்றாக வளர்ந்தார்கள் என்றே சொல்லலாம். கல்லூரி வயது வந்தபோது திண்டிவனத்தில் அவளுக்கு விலங்கியலில்தான் இடம் கிடைத்தது. தவளையை அறுக்கிற படிப்பு என்று தெரிந்து நேமிராஜ் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்: அவள் கை கத்தி பிடிக்கக் கூடாது. கூடப் படிக்கிற அம்பிகா அறுப்பாள், நான் பார்த்துப் படம் மட்டும் வரைவேன் என்று மகள் சொன்னாள். அவர் நம்பினார். நம்பத்தான் அவருக்கு ஆசை.

இரண்டாயிரத்து மூன்றில் வானம் பொய்த்தது. கிணறுகள் தரையைத் தட்டின. குட்டையில் பாதித் தண்ணீர் போய்ப் படிகள் வெளியே பல்லைக் காட்டின. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் விடிகாலையில் நேமிராஜ் புண்ணாக்குக் கூடையோடு போனபோது, பெரிய கட்லா ஒன்று வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. வயசாகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தலையருகே, சாகிற உயிருக்குச் சமணர் சொல்கிற பஞ்ச மந்திரம் சொல்லிப் புதைத்தார். மறுநாள் இரண்டு ரோகு. அதற்கு அடுத்த நாள் நான்கு. ஒவ்வொரு நாளும் விடிவதற்கு முன்னாலேயே அவருக்கு விழிப்பு வந்துவிடும். ஆனால் எழுந்து போகக் கால் வராது. இன்றைக்கு எத்தனை என்ற ஒரு நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கும்.

பிழைத்திருந்த மீன்களும் சோர்ந்து தெரிந்தன. உடம்பு பலவீனமாயிருக்கிறது, ஊட்டம் வேண்டும் என்று அவர் புண்ணாக்கை இரண்டு பங்காக்கினார். சாவும் கூடியது.

இதற்கு நடுவில்தான் தாண்டவராயன் பேச்சு வந்தது. தாண்டவராயன் அடுத்த நிலத்துக்காரன். கோலியனூர்ப் பக்கம் குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்துப் பழகியவன். நேமிராஜின் குட்டையையும் குத்தகைக்குக் கேட்டு, முகத்தில் அடித்தாற்போல் பதில் வாங்கிக்கொண்டு போயிருந்தான். போனவன் சும்மா போகாமல், நைனார் வீட்டு மீனை ஒரு நாள் குழம்பில் பார்க்கத்தான் போகிறேன் என்று டீக்கடையில் சிரித்துச் சொல்லியிருக்கிறான். நுணலும் தன் வாயால் கெடும். முதல் மீன் செத்ததற்கு முந்தின நாள் அவன் தோளில் மருந்தடிக்கிற டப்பாவோடு வரப்பில் போனதை ஊரில் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

நேமிராஜ் எறும்புக்குப் பயந்து குனிந்து நடக்கிற மனுஷன். அவர் அன்றைக்கு ஊர் நடுவில் நின்று, என் குட்டையில் விஷம் வைத்தவன் தாண்டவராயன்தான் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார்.  சொன்னபின் வாயெல்லாம் கசந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. காலையில் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார். தாண்டவராயன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவனுடைய பெண்டாட்டி மட்டும் வாசலில் நின்று, ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறாரே இந்தப் புண்ணியவான் என்று மண்ணை வாரி இறைத்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் பத்மப்ரியா வந்து இறங்கினாள். பரீட்சை முடிந்திருந்தது. வீட்டுக்குள் பையை வைக்கும் முன்பே அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். மகள் நேராகக் குட்டைக்குப் போனாள். கரையில் அன்றைக்குச் செத்த மீன்கள் வாழையிலை மேல் கிடந்தன. அப்பா குழி வெட்டிக்கொண்டிருந்தார். அவள் மீன்களைப் பார்த்தாள், தண்ணீரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், படிக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"அப்பா, மருந்துன்னா தவளையும் சேந்து செத்திருக்கணும். குஞ்சு மீனுங்கதான் மொதல்ல சாவும். இங்க சாவறது பூரா பெருசுப்பா."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். குஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டார். கெண்டைகள் குஞ்சு பொரிப்பது நின்று மூன்று நாலு வருஷம் ஆகிறதே என்றார். அதைச் சொல்லும்போதுதான் அது அவருக்கே விசித்திரமாகப் பட்டது.

"ஒண்ண அறுத்துப் பாத்துடலாம்," என்றாள் மகள். "விஷமா இல்லியான்னு தெரிஞ்சிடும். தெரியாம ஒரு மனுஷன ஸ்டேஷனுக்கு இழுத்துக்கினு போவாதீங்க."

"யாரு அறுக்கறது?"

அவள் வீட்டுக்குப் போய்ப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். மூலையெல்லாம் தேய்ந்த டப்பா; மேலே பிளாஸ்திரியில் அவள் பெயர், இரண்டு வருஷத்து அழுக்கோடு. திறந்தால் கத்திரி, இடுக்கி, சின்னக் கத்தி. நேமிராஜ் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தியம் உடைந்து வெகுநாள் ஆகிறது என்று அவருக்குப் புரிந்தது. தடுக்க வாய் திறந்தார். தாண்டவராயன் பெண்டாட்டி இறைத்த மண் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் ஒரு கெண்டையை எடுத்துக் கல்லின்மேல் வைத்து, அடிவயிற்றில் கத்திரியை நுழைத்து, ஜவுளிக்கடைக்காரர் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரே இழுப்பில் செவுள் வரைக்கும் திறந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சத்தம் மட்டும் கேட்டது.  ஓடிப்போய்விடலாம் என்று கூடத் தோன்றியது.

"விஷம் இல்லப்பா," என்றாள். "விஷம்னா குடலு ரத்தம் கட்டிக்கினு கெடக்கும். இங்க குடலே கண்ணுக்குத் தெரியல. வந்து பாருங்க."

திரும்பிப் பார்த்தார். மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் எப்படி இருக்கும், அப்படி வயிறு முழுக்க வெள்ளைக் கொழுப்பு. குடல் அதற்குள் புதைந்து கிடந்தது. கெண்டைக்கு ஈரல் ஒரு கட்டியாக இருக்காது, குடலோடு பின்னிக்கொண்டிருக்கும், கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மகள் இடுக்கியால் ஒரு துண்டு எடுத்தாள். அது மஞ்சள் பூத்து வெளுத்திருந்தது. இடுக்கி பட்டதும் உதிர்ந்தது. பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சட்டியில் போட்டாள்.

தண்ணீரின் மேல் ஒரு வட்டம் பரவியது. அதன்மேல் இன்னொன்று. நேமிராஜ் முப்பது வருஷம் செக்கு வைத்திருந்தவர். தண்ணீர்மேல் எண்ணெய் எப்படி விரியும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது அவர் எண்ணெய். கடைசிச் சுற்று ஆட்டாமல் விட்ட எண்ணெய். அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று மீனைத் திறந்து பார்த்தாள் மகள். மூன்றும் அப்படியே இருந்தன.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய மனுஷன், மகளோடு திண்டிவனம் பஸ் ஏறினார். அவளுடைய பேராசிரியர் அந்தோணிசாமி, அவள் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்திருந்த ஈரலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நிதானமாக விளக்கினார். நம் குளத்து மீனுக்கு ஈரல்தான் சமையல்கட்டு. மாவைப் போட்டாலும் அது கொழுப்பாக்கிவிடும். பாசியிலும் பூச்சியிலும் இருக்கிற துளி எண்ணெயை வைத்துக்கொண்டே, மூளைக்கும் கண்ணுக்கும் முட்டைக்கும் வேண்டிய உயர்ந்த கொழுப்பைத் தானே நீட்டித் தானே தயாரித்துக்கொள்ளும். கடல் மீனுக்கு அந்த வித்தை அவ்வளவாக வராது. தின்கிற இரையிலேயே அது தயாராகக் கிடைத்துவிடுகிறது. இவ்வளவு கெட்டிக்காரச் சமையல்காரனிடம் நாள்முழுக்க மூட்டை மூட்டையாகச் சாமானை இறக்கினால் என்ன செய்வான்? வெளியே அனுப்ப முடியாமல் அடுப்பங்கரையிலேயே குவித்துவைப்பான். ஈரல் கொழுத்துப் போச்சு. தாய்மீன் முட்டைக்கு அனுப்ப வேண்டிய சத்தைக்கூட அனுப்ப முடியவில்லை. அதனால்தான் குஞ்சு இல்லை. கோடையில் தண்ணீர் சுண்டி, விடிகாலையில் மூச்சுக் காற்றும் குறையும்போது, அந்த உடம்பு தாங்காமல் விழுந்துவிடுகிறது.

மருந்து என்ன என்று நேமிராஜ் கேட்டார். மருந்து கிடையாது என்றார் பேராசிரியர். பட்டினி போடுங்கள். தங்கள் கொழுப்பைத் தாங்களே எரித்துச் செலவழிக்கட்டும். அப்புறம் பாசி வரட்டும், பூச்சி வரட்டும், தேடித் தின்னட்டும். பிழைக்கிறது பிழைக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. தாண்டவராயன் வீட்டு வாசலில் போய் நின்றார். தெருவில் ஆள் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் நின்றார். நான் சொன்னது பொய், மீனைக் கொன்றது புண்ணாக்குப் போட்ட என் கைதான் என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். தாண்டவராயன் கதவைத் திறந்து வெளியே வந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

"நைனாரே, நான் வலை போட்டிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்," என்றான். "நீங்க பத்து வருசமா போட்டுக்கினு இருந்திருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.  அவன் உள்ளே போகத் திரும்பினான். நிலைப்படியில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமலே, விடியக்காலத்தில் மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே ஏற்றி உயரத்திலிருந்து விழவிடச் சொன்னான். மீனுக்குக் கொஞ்சம் மூச்சுக் கிடைக்குமாம்.

உபவாசம் தொடங்கியது. விரதம் என்பது நேமிராஜுக்குப் புதிதில்லை. அவர் குலத்தில் தண்ணீர்கூடத் தொடாமல் இருந்தவர்கள் உண்டு. ஆனால் இன்னொரு உயிரைப் பட்டினி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற விரதத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. காலையில் படியில் கால் வைப்பார். மீன்கள் ஓடி வரும். வாயைப் பிளக்கும். ஏரிக்கரையில் கிடந்த பொடிமீன்கள் வாயைத் திறந்து மூடினதும் அப்படித்தான். அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். வீட்டில் அவரும் ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார்.

"நீங்க பட்டினி கெடந்தா மீனு எளைச்சிடுமா?" என்று குசுமா கேட்டாள். கேட்டாளே தவிர, அவளும் இரண்டாம் வேளை இலை போட்டுக்கொள்ளவில்லை.

சாவு உடனே நிற்கவில்லை. இன்னும் சில விழுந்தன. ஒரு நாள், முதன்முதலில் பீப்பாயில் வந்ததில் எஞ்சியிருந்த பெரிய கட்லா, வாலில் வெட்டுப்பட்டது, படியோரம் சாய்ந்து மூச்சு வாங்கியது. அவர் கை தானாகவே கொட்டகையில் மிச்சமாகக் கிடந்த பொரிக்கூடைக்குப் போய்விட்டது. ஒரு பிடி அள்ளியும்விட்டார். பின்னால் பத்மப்ரியா நின்றுகொண்டிருந்தாள். அவர் அந்தப் பிடியை அப்படியே தன் வாயில் போட்டு மென்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பொரியோடு அதையும் விழுங்கினார். அந்தக் கட்லா அன்றைக்குச் சாகவில்லை.

வைகாசி போனது. பாசியை வாருவதை நிறுத்தியதால் குட்டை பச்சையாயிற்று. மீன்கள் இளைத்தன, கரைக்கு ஓடி வருவது குறைந்தது. ஆடி முதல் மழை ஒரு சாயங்காலம் பெய்து ஓய்ந்ததும், ஈசல் கிளம்பியது. ஈசல் கிளம்பினால் அந்த வீட்டு வழக்கம் ஒன்று உண்டு: எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும். விளக்குக்கு வந்து விழுந்து ஒரு உயிரும் சாகக் கூடாது. குசுமா வீட்டு விளக்குகளை அணைத்தாள். மோட்டார்க் கொட்டகை பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க நேமிராஜ் இருட்டில் தடவிக்கொண்டு போனார்.

பல்பைச் சுற்றி ஆயிரம் ஈசல். சிறகு உதிர்ந்து, கீழே தண்ணீரில் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. அவர் சுவிட்சில் கை வைத்தார். அப்போது வாலில் வெட்டுப்பட்ட அந்தக் கட்லா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து ஒரு வாய் அள்ளிக்கொண்டு போனது. மெலிந்து நீண்டு, நல்ல வேகத்தில். அதன் பின்னால் இன்னொன்று. இத்தனை வருஷத்தில் அவர் குட்டையில் ஒரு மீன் துள்ளி அவர் பார்த்ததில்லை. துள்ள அதற்குத் தேவையே வந்ததில்லை.

விளக்கு எரிந்தால் மீனுக்கு விருந்து. அணைத்தால் ஈசலுக்கு உயிர். சுவிட்சின்மேல் விரல் நின்றது. 

அணைத்துவிட்டார். அது அவருடைய தர்மம். அதை விட அவரால் முடியாது.

ஆனால் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஈரப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். இருட்டில், விழுந்து கிடந்த ஈசலைத் தேடி மீன்கள் துள்ளின. ஒவ்வொரு துள்ளலும் ஒரு சாவு. ஒவ்வொரு துள்ளலும் ஒரு பிழைப்பு. பழைய நேமிராஜாக இருந்தால் ஓடிப்போய்ப் புண்ணாக்குக் கூடையைக் கொண்டுவந்து கொட்டி, அந்தச் சத்தத்தை நிறுத்தியிருப்பார். இவர் எழுந்திருக்கவில்லை.

பத்மப்ரியா தேடிக்கொண்டு வந்து, அப்பா, உள்ள வாங்க, ஈரத்துல உக்காந்திருக்கீங்களே என்றாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார். "சாப்புடுதுங்க."